குக்குலா நாற்காலி: பத்து ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்த பிறகு

பெர்லினில் என் சமையலறை மேசையோரம் ஒரு பைன் மர நாற்காலி இருக்கிறது. குரொய்ட்ஸ்பெர்க் பகுதியில் குக்குலா என்னும் பட்டறையில் செய்த அந்த நாற்காலியை 2015ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், சில நூறு யூரோ கொடுத்து வாங்கினேன். மாலி, நைஜர் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் பிறந்து, லிபியாவைக் கடந்து, படகில் இத்தாலியின் லாம்பெடூசா தீவுக்கு வந்து, அங்கிருந்து வடக்கே பெர்லின்வரை வந்து சேர்ந்த இளைஞர்கள், ஜெர்மானிய வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து, ஓர் இத்தாலியக் கலைஞர் 1974இல் வெளியிட்ட வரைபடத்தைக் கொண்டு செய்தது அது. இந்த மூன்று தரப்பாரையும் சேர்த்துப் பேசுபவர்கள் நாற்காலியைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள். உட்காரும் பொருளை உட்கார்ந்து பார்த்துத்தான் எடைபோட வேண்டும் என்பதால், முதலில் நாற்காலியிலிருந்தே தொடங்குகிறேன்.

பார்வைக்கு அது மிக எளியது. ஒரே வகையான, வண்ணம் பூசாத பைன் பலகைகள். கால்கள், குறுக்குச் சட்டங்கள், இருக்கை, முதுகுச் சாய்வு எல்லாமே அந்தப் பலகைகளை நேர்வெட்டாக அறுத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஆணியடித்து உருவானவை. நாக்கும் துளையும் கோத்த மூட்டு எங்கும் கிடையாது. வளைத்த மரம் கிடையாது. ஆணித் தலைகள் எல்லாம் வெளியே தெரிகின்றன. இருக்கை பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தும், முதுகுப் பலகை அதற்கேற்பப் பின்னோக்கிச் சாய்ந்தும் இருப்பதால், மெத்தை இல்லாத வெறும் பலகை என்று தயங்கி உட்காருகிறவர்கள்கூடச் சிறிது நேரத்தில் உடலைத் தளரவிட்டுச் சாய்ந்துகொள்கிறார்கள். உடலின் எடை தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் பரவிவிடுவதே இதற்குக் காரணம். இரண்டு மணிநேரம் தொடர்ந்து படிக்க இது நல்ல நாற்காலி. சாப்பிடுவதற்கு அவ்வளவு பொருந்தாது. தட்டுக்கு அருகே வர வேண்டுமானால் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து நிமிர்ந்து உட்கார வேண்டும், அப்போது சாய்வினால் பயன் இல்லை. கணினியில் தட்டச்சு செய்வதற்கும் அதே நிலைதான். இடத்தையும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். குறுகிய சமையலறையில் ஒன்று வைக்கலாம், நான்கு வைக்க முடியாது.

கனமும் உண்டு. மடக்கு நாற்காலியைப் போல ஒரு கையால் தூக்கி மூலையில் சாய்த்துவைக்கும் பொருளன்று இது. நகர்த்தும்போது மரத்தரையில் கோடு விழாமலிருக்க நான்கு கால்களுக்கும் அடியில் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறேன். பைன் மென்மையான மரம். நகம் பட்டால்கூடத் தடம் விழும். பத்து ஆண்டுகளில் வெளிர் மஞ்சள் நிறம் தேன் நிறமாகிவிட்டது, கைகள் அதிகம் படும் இடங்களில் தானாகவே ஒரு வழவழப்பு வந்திருக்கிறது.

வரைபடத்தின் சொந்தக்காரர் என்ஸோ மாரி. 1932இல் பிறந்து, மிலானில் வாழ்ந்து, 2020 அக்டோபரில் கொரோனா காலத்தில் மறைந்த வடிவமைப்பாளர். தொழிற்சாலைகளுக்காக எத்தனையோ பொருள்களை வடிவமைத்தவர், தொழிற்சாலையில் உழைப்பவனுக்குத் தான் செய்யும் பொருளின்மேல் எந்த உரிமையும் இல்லாமற்போனதைப் பற்றி வாழ்நாள் முழுவதும் கோபப்பட்டவர். 1974இல் அவர் 19 அறைகலன்களின் வரைபடங்களை வெளியிட்டார். மேசை, கட்டில், பெஞ்சு, அலமாரி, நாற்காலி எல்லாம் அதில் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியலும் ரம்பமும் இருந்தால் போதும், தச்சு படிக்காதவர்களும் செய்துகொள்ளலாம் என்பது அவற்றின் அமைப்பு. தபால் செலவை மட்டும் அனுப்பிக் கேட்டவர்களுக்கெல்லாம் வரைபடம் இலவசமாகப் போனது. ஒரே ஒரு நிபந்தனையை மாரி வைத்தார்: தொழிற்சாலைகளையும் வணிகர்களையும் தவிர யார் வேண்டுமானாலும் இவற்றைச் செய்துகொள்ளலாம், செய்தவர்கள் தமக்குப் புகைப்படம் அனுப்பினால் மகிழ்ச்சி.

தம் கையால் ஒரு நாற்காலியைச் செய்து முடித்தவன் அதன்பிறகு எந்த நாற்காலியையும் பழைய கண்ணோடு பார்க்கமாட்டான், எது உறுதி எது பூச்சு என்று அவனுக்கே தெரிந்துவிடும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. வந்த கடிதங்களில் பல, பண்ணைவீட்டுக்கு ஏற்ற நாட்டுப்புறத் தோற்றம் என்று இவற்றைப் பாராட்டியதில் அவருக்கு ஏமாற்றம் இருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்த வரைபடங்களை உண்மையான தேவையோடு கையில் எடுத்தவர்கள் பெர்லினுக்கு வந்து சேர்ந்த இளைஞர்கள்தான் என்று நான் நினைக்கிறேன். அவர்களுக்குப் படுக்கக் கட்டில் தேவைப்பட்டது.

அந்தத் தேவை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்த நாற்காலியைப் புரிந்துகொள்ள முடியாது. 2011இல் லிபியாவில் போர் மூண்டபோது, அங்கே கூலிவேலை செய்துகொண்டிருந்த மேற்கு ஆப்பிரிக்கர்கள் பலர் கடல் கடந்து லாம்பெடூசாவை அடைந்தார்கள். இத்தாலி அவர்களுக்குத் தங்கும் அனுமதி கொடுத்தது. வேலையோ வீடோ கொடுக்கவில்லை. வடக்கே வந்தவர்கள் ஜெர்மனியில் மாட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் இத்தாலி கொடுத்த காகிதம் ஜெர்மனியில் வேலைசெய்யும் உரிமையைத் தராது. 2012 இலையுதிர்காலத்தில் தெற்கு ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரிலிருந்து பெர்லினுக்கு நடந்தே வந்த அகதிகள் குரொய்ட்ஸ்பெர்க்கின் ஒரானியன் சதுக்கத்தில் கூடாரம் அடித்து, ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்ற விதியையும் வேலைத் தடையையும் எதிர்த்து உட்கார்ந்தார்கள். லாம்பெடூசா வழியாக வந்தவர்கள் பலரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 2014 ஏப்ரலில் அந்தக் கூடாரங்கள் அகற்றப்படும்வரை, இரண்டு பெர்லின் குளிர்காலங்கள் அங்கே கழிந்தன.

அதே பகுதியில் ஷ்லேசிஷே 27 என்ற இளைஞர் கலையில்லம் ஒன்று பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. தெருப் பெயரும் வீட்டு எண்ணுமே அதற்குப் பெயர். பார்பரா மேயரின் தலைமையில் இயங்கிய அந்த இல்லம் ஐந்து இளைஞர்களைக் குளிருக்குத் தங்கவைத்துக்கொண்டது. வடிவமைப்பாளர் செபாஸ்டியான் டேஷ்லே மாரியின் வரைபடங்களோடு அவர்களிடம் போனார். தங்கள் அறைக்கு வேண்டியதை அவர்கள் தாங்களே செய்துகொள்ளட்டும் என்பதே தொடக்கம். நாற்காலியும் கட்டிலும் செய்து முடித்தபோது, அடுத்த கேள்வி தானாக எழுந்தது: செய்யத் தெரிந்த கை இருக்கிறது, செய்வதற்குச் சட்டம் இடம் தரவில்லை, என்ன செய்வது? வேலைக்கு அமர்த்த முடியாதவர்களைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யோசித்தார்கள். பட்டறையில் தச்சுப் பயிற்சி, கூடவே ஜெர்மன் மொழி வகுப்பு, சட்ட உதவி. விற்கும் அறைகலன்களின் வருவாய் பயிற்சி உதவித்தொகைக்கு. 2014இன் இறுதியில் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது. குக்குலா என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் ஹவுசா மொழியிலிருந்து எடுத்த பெயர். சேர்ந்து ஒன்றைச் செய்வது, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது என்று பட்டறையினர் அதற்குப் பொருள் சொன்னார்கள்.

நான் நாற்காலி வாங்கிய சில வாரங்களுக்குள் அதைப் பார்க்க ஒருவர் வந்தார். பெர்லின் தமிழர்கள் பலரும் அண்ணை என்று அழைக்கும் அவரை நானும் அப்படியே அழைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் தச்சுத் தொழில் செய்தவர். 1985இல் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிஹ் தெரு நிலையத்தில் ரயில் ஏறி, மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டவர்களில் ஒருவர். அந்த ஆண்டுகளில் இலங்கைத் தமிழர்கள் பலர் வந்த வழி அதுதான். கிழக்கு ஜெர்மனி விமானத்தில் வந்தவர்களைத் தடுக்கவில்லை, மேற்கு ஜெர்மனி தன் எல்லையென்று ஒப்புக்கொள்ளாத எல்லையில் குடிவரவுச் சோதனை வைக்கவில்லை. இரண்டு அரசுகளின் அந்தப் பிணக்கு திறந்துவைத்த கதவு 1985, 1986 ஆண்டுகளில் படிப்படியாக மூடப்பட்டது. வந்து சேர்ந்தவர்களுக்கு அன்றும் வேலைசெய்ய ஆண்டுக்கணக்கில் தடை இருந்தது. அண்ணை தம் ஹைம், அதாவது அகதிகள் விடுதி, வாழ்க்கையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். விடுதியில் உடைந்துகிடந்த நாற்காலிகளைச் சமையலறைக் கத்தியை வைத்துச் சரிசெய்ததையும், பழப்பெட்டிப் பலகையில் ஒரு சாமித்தட்டுச் செய்ததையும் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் நாற்காலியில் உடனே உட்காரவில்லை. கவிழ்த்துப் போட்டு, மூலைகளில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "கணுவுக்குப் பக்கத்தில ஆணி அடிக்கேல்லைப் பாத்தீரோ தம்பி? அடிச்சா வெடிச்சுப்போம் எண்டு தெரிஞ்சிருக்கு. இது ஒராளின்ரை வேலையில்லை, ரெண்டு மூண்டு பேற்றை கை." எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு பக்கத்து ஆணிகள் நேராக, தலை பலகையோடு சமமாக இறங்கியிருந்தன. மறுபக்கத்தில் ஆணிகள் இம்மியளவு சாய்ந்து, கடைசி அடி பலகையில் பிறைவடிவத் தடமொன்றை விட்டிருந்தது. சுத்தியலைப் பிடிக்கும் உயரமும் மணிக்கட்டின் திருப்பமும் ஆளுக்கு ஆள் மாறும், அதை மறைக்க முடியாது என்றார். உப்புத்தாள் தேய்த்தவர் மூன்றாமவராக இருக்கலாம் என்றும், அவர் பொறுமைசாலி என்றும் சொன்னார், ஏனென்றால் உட்காருபவரின் கை தொடாத அடிப்பக்கத்து விளிம்புகளிலும் சிராய் எதுவும் இல்லை.

கூட்டுக் கலை என்ற சொல்லை நான் பல கண்காட்சிகளில் கேட்டிருக்கிறேன். அங்கே சுவரில் ஒரு பெரிய பெயரும் அதன் கீழே சிறிய எழுத்தில் நாடுகளின் பட்டியலும் இருக்கும்; எந்தக் கை எந்தக் கோட்டை இழுத்தது என்று பொருளைப் பார்த்துச் சொல்ல வழியிருக்காது. இந்த நாற்காலியில் அதைச் சொல்ல முடிகிறது. மாரியின் சாய்வு, டேஷ்லேயின் பட்டறை ஒழுங்கு, பெயர் எழுதாமல் ஆணியில் தம் மணிக்கட்டை விட்டுச்சென்ற இளைஞர்களின் வேலை என்று ஒவ்வொன்றும் தனித்தனியே அடையாளம் காணும்படி நிற்கிறது. பூச்சோ வண்ணமோ இருந்திருந்தால் இது சாத்தியமாகியிராது. ஆணியை மறைக்காத மாரியின் வடிவமைப்புக்கு, அவரே எதிர்பார்த்திராத பயன் இது.

பட்டறை இன்னொரு வகையும் விற்றது. அதற்கு அம்பாசடர், அதாவது தூதர், என்று பெயர். அதே மாரி நாற்காலிதான். ஆனால் பைன் பலகைகளுக்கு நடுவே, லாம்பெடூசாவில் குவிந்து கிடந்த அகதிப் படகுகளின் பலகைத் துண்டுகள் சேர்க்கப்பட்டிருக்கும். நீலமும் பச்சையும் வெள்ளையுமாக வண்ணம் உரிந்த அந்தத் துண்டுகள் வெளிர் பைனுக்கு நடுவில் மிக அழகாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கப் போன நாளில் அதன் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். கடைசியில் வாங்கவில்லை. அந்த முடிவைப் பற்றிப் பத்து ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

லாம்பெடூசா 20 சதுர கிலோமீட்டர் அளவுள்ள சிறு தீவு. சிசிலியைவிடத் துனிசியாவுக்கு அருகில் இருக்கிறது. 2013 அக்டோபர் 3ஆம் நாள் அந்தத் தீவை ஏறக்குறைய எட்டிவிட்ட ஒரு படகு தீப்பிடித்துக் கவிழ்ந்து 360க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் எரித்திரியர்கள். சில நாள்களில், அக்டோபர் 11ஆம் நாள், இன்னொரு படகு மூழ்கியது. தீவின் தச்சர் பிரான்செஸ்கோ தூச்சோ உடைந்த படகுகளின் மரத்தைப் பொறுக்கிச் சிறு சிலுவைகள் செய்து, பிழைத்து வந்தவர்களுக்குக் கொடுத்தார். அக்டோபர் 11ஆம் நாள் மூழ்கிய படகின் மரத்தில் அவர் செய்த ஒரு சிலுவை 2015 முதல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கிழிந்து வண்ணம் உரிந்த அதன் பரப்பை அவர் சீர்செய்யவில்லை. தச்சர் ஒருவர் தம் தொழிலைக்கொண்டு செய்யக்கூடிய மிக நேர்மையான காரியம் என்று அதைப் பற்றி நினைக்கிறேன்.

சிலுவையைக் கையில் வைத்துக்கொள்வார்கள், சுவரில் மாட்டுவார்கள். நாற்காலியில் உட்கார வேண்டும். நான் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊரில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் செருப்புக் காலோடு யாரும் படகில் ஏறமாட்டார்கள். அதே ஊரில், கடலுக்குப் போக முடியாமற்போன வள்ளத்தின் பலகை வேலிக்கும் கோழிக்கூட்டுக்கும் திண்ணைப் பெஞ்சுக்கும் போனதையும் பார்த்திருக்கிறேன். அதில் யாரும் குறை காணவில்லை, ஏனென்றால் அந்த வள்ளத்தில் போனவர்கள் யார் யார், எத்தனை முறை கரை சேர்ந்தார்கள் என்று ஊருக்கே தெரியும். அம்பாசடரில் பதிந்திருந்த நீலப் பலகையைப் பற்றி எனக்கு அது தெரியவில்லை. துறைமுகத்துக்கு இழுத்துவரப்பட்ட படகுகளில் வந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தவர்களே என்று அறிவு சொன்னது. உடல் உட்கார மறுத்தது.

இதற்கு மறுதரப்பும் இருக்கிறது, அது என் தயக்கத்தைவிட வலுவானது என்று இப்போது படுகிறது. அந்தப் பலகையை அறுத்தவர்களும் ஆணியடித்தவர்களும் அதே கடலில் அதே வகைப் படகில் வந்தவர்கள். அந்த மரத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க அவர்களைவிட உரிமையுள்ளவர் யாருமில்லை. கலைஞர் ஒருவர் வெளியிலிருந்து வந்து உயிர்காப்பு அங்கிகளை அள்ளிப்போய்க் கட்டட முகப்பில் தொங்கவிடுவதும், கடந்து வந்தவரே தம் படகுப் பலகையை இழைத்து இருக்கையாக்குவதும் ஒரே காரியமாகாது. முதலாவதில் மரமும் துணியும் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்படுகின்றன. இரண்டாவதில் அவை மறுபடி வேலைக்குத் திரும்புகின்றன. தூதர் என்று பெயர்வைத்ததில் இந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும். தன்னைப் பற்றித் தானே பேச அனுப்பப்பட்ட பலகை. ஆகவே அந்த நாற்காலியை வாங்கியவர்களை நான் குறைகூறமாட்டேன். எனக்குப் பைன் போதுமானதாக இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் உட்காரும்போது நான் ஒரு துயரத்தின்மேல் உட்காரவில்லை, ஒருவரின் திறமையின்மேல் உட்காருகிறேன்.

இந்த முயற்சியின்மேல் எழுந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஏழைகளும் தொழிலாளர்களும் தாங்களே செய்துகொள்வதற்காக மாரி கொடுத்த வரைபடம், கடைசியில் வசதியுள்ள வடிவமைப்பு ஆர்வலர்களின் வீட்டுக்கு விலைகொடுத்து வாங்கும் பொருளாகப் போய்ச் சேர்ந்தது முறையா என்பது அது. வணிகர்கள் கூடாது என்ற மாரியின் நிபந்தனையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2010இல் பின்லாந்தின் ஆர்டெக் நிறுவனம் இதே நாற்காலியை, அறுத்த பலகைகளும் ஆணிகளும் செய்முறைத் தாளும் கொண்ட கட்டாக, மாரியின் ஒப்புதலோடு விற்கத் தொடங்கியது. வாங்குபவரே ஆணியடிக்க வேண்டும் என்பதால் பழைய கொள்கை அரைவாசியாவது காக்கப்பட்டது. குக்குலாவுக்கு மாரி அதைவிட ஒருபடி அதிகம் கொடுத்தார். வரைபடங்களின்படி செய்து விற்கவும், தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளவும் உரிமை கொடுத்தார்.

இதை நான் வெறும் பெருந்தன்மை என்று கொள்ளவில்லை. வணிகர்களுக்கு மறுத்ததை அகதிகளுக்குக் கொடுத்ததன் மூலம் தம் 1974 நிபந்தனையின் உட்பொருளை அவர் தெளிவாக்கிவிட்டார். செய்கிறவனிடமிருந்து அவன் வேலையைப் பிரித்து எடுத்துக்கொள்ளும் வணிகத்தைத்தான் அவர் தடுத்திருந்தார். இங்கே செய்கிறவர்களுக்கு அந்த வேலையைச் செய்யும் உரிமையே இருக்கவில்லை. ஒரு மூத்த கலைஞர் தம்மிடமிருந்த வரைபட உரிமையைக் கொடுத்து அந்த இடைவெளியில் ஒரு பலகையைப் போட்டார். நாடுவிட்டு வந்தவர்களைப் பற்றிப் படைப்பு செய்கிற கலைஞர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்: அவர்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதற்கு முன்னால், தம்முடையது என்று வைத்திருந்ததில் எதை விட்டுக்கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். வசதியுள்ளவர்கள் வாங்கினார்கள் என்பது உண்மை. அந்தப் பணம் மொழி வகுப்புக்கும் பயிற்சிக்கும் போனது என்பதும் உண்மை. நானும் வாங்கியவன் என்பதால் இந்த இடத்தில் என் தீர்ப்பில் சாய்வு இருக்கக்கூடும்.

விலையைப் பற்றி ஒரு சொல். பெரிய அறைகலன் கடைகளில் இதன் விலையில் நான்கைந்து நாற்காலிகள் வாங்கிவிடலாம். மரத்தின் பெறுமதியைக் கணக்கிட்டால் இது விலை அதிகம்தான். பலகை கடையில் கிடைக்கும் சாதாரணப் பைன். ஆனால் கையால் அறுத்து, இழைத்து, அடித்துச் செய்யும் எந்த நாற்காலிக்கும் பெர்லினில் தச்சர்கள் கேட்கும் கூலியோடு ஒப்பிட்டால் நியாயமான விலை. நன்கொடை என்று நினைத்து வாங்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அப்படி வாங்கிய இரண்டு வீடுகளை எனக்குத் தெரியும். இரண்டிலும் நாற்காலி வரவேற்பறை மூலையில், மேலே ஒரு செடித்தொட்டியோடு நிற்கிறது. செடித்தொட்டி வைக்க இது பொருத்தமான பொருளன்று, ஏனென்றால் இருக்கை சாய்ந்திருப்பதால் தண்ணீர் பின்பக்கம் வழிந்து பலகை இடுக்கில் கறை பிடிக்கும்.

பராமரிப்பு எளிது. பைன் பலகை பெர்லின் வீட்டின் குளிர்காலச் சூடேற்றியில் காய்ந்து சுருங்கும், கோடையில் ஈரம் குடித்து உப்பும்; ஆணியடித்த எந்தப் பைன் பொருளிலும் இரண்டொரு ஆண்டுகளில் ஆணித் தலை முடியளவு மேலே வரும். அதைச் சுத்தியலால் ஒருமுறை மெல்லத் தட்டிவிட்டால் போதும். ஆணித் தலைக்கும் சுத்தியலுக்கும் நடுவே மெல்லிய அட்டையை வைத்துத் தட்டினால் மரத்தில் தடம் விழாது; இது அண்ணை கற்றுக்கொடுத்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிதாகத் தேய்த்து நன்றாகக் காயவிட வேண்டும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைக்காமல் விரித்துக் காயப்போட வேண்டும், சுருட்டி வைத்தால் அது தானாகத் தீப்பிடிக்கக்கூடியது. வார்னிஷ் பூச வேண்டாம். பூசினால் அந்தப் பிறைவடிவத் தடங்கள் தெளிவிழந்துபோகலாம்.

யாருக்கு ஏற்றது என்று கேட்டால், படிக்கிறவர்களுக்கும், குழந்தைகள் ஏறிக் குதிக்கும் வீட்டுக்கும், நீண்ட நேரம் பேசிக்கொண்டிருக்க விரும்புகிறவர்களுக்கும் என்பேன். முழங்கால் வலி உள்ள முதியவர்கள் சாய்ந்த இருக்கையிலிருந்து எழச் சிரமப்படுவார்கள், கைப்பிடியும் இல்லை. என் அம்மா பெர்லின் வந்திருந்தபோது இரண்டாம் நாளே வேறு நாற்காலி கேட்டுவிட்டார்.

இதே நாற்காலியைச் செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு மாரியின் வரைபடங்கள் 2002இல் நூலாக மறுபதிப்பு பெற்றிருக்கின்றன. நானும் அண்ணையும் 2019 கோடையில் அவருடைய தோட்டக் கொட்டகையில் ஒன்று செய்தோம். பலகை அறுக்க ஒரு காலை, அடித்து முடிக்க ஒரு மாலை. முதல் முயற்சியில் நான் பின்கால்களின் சாய்வை மூலை மட்டத்தை நம்பித் தவறாகக் குறித்துவிட்டேன். அண்ணை ஒன்றும் சொல்லாமல் குக்குலா நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, அதன் பக்கவாட்டில் பலகையை வைத்து, பென்சிலால் கோட்டை நகலெடுத்தார். அளவுகோலைவிட அந்தப் பெடியளின் வேலையை நம்பலாம் என்றார். பிறகு ஆணியடிக்கத் தொடங்கியவர் இரண்டு ஆணிக்குப் பிறகு சுத்தியலை என்னிடம் நீட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உணவகச் சமையலறைகளில் வேலைபார்த்த கை, ஒரு மணிநேரத்தில் தச்சுக் கையாகிவிட்டதைப் பார்த்துக்கொண்டே மீதி ஆணிகளை அடித்தேன்.

இரண்டு நாற்காலிகளும் இப்போது மேசையின் இரு பக்கத்தில் இருக்கின்றன. குக்குலாவில் செய்தது உறுதியில் இன்னமும் ஒரு படி மேல். நாங்கள் செய்ததில் ஒரு கணு அருகே பலகை லேசாக வெடித்திருக்கிறது. இந்த ஆண்டின் எண்ணெய்ப் பூச்சு இன்னும் மீதி. ஞாயிற்றுக்கிழமை வருவதாக அண்ணை சொல்லியிருக்கிறார், பழைய பருத்தித் துணி எடுத்துவைக்கச் சொன்னார்.